வண்டியின் மூக்கில் வைத்த சந்தனம்

எங்கள் வீட்டில் சண்டை வந்தால் சத்தம் வராது. இருக்கிற சத்தமும் குறைந்துவிடும். மிக்ஸி ஓடும், டிவி ஓடும், குழாயில் தண்ணீர் ஓடும்; அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் பேச்சு மட்டும் ஓடாது. எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது வந்த ஒரு சண்டை முழுசாக ஆறு நாள் நீடித்தது. காரணம், எங்கள் காரில் எரிந்த ஒரு மஞ்சள் விளக்கு.

பெரிய விளக்கெல்லாம் இல்லை. ஸ்டியரிங்குக்குப் பின்னால், வேகம் காட்டும் முள்ளுக்குக் கீழே, எஞ்சின் படம் போட்டுச் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒன்று. ஒரு நாள் எரிந்தது, அப்புறம் அணையவே இல்லை. குமணன்சாவடி மெக்கானிக் ஏதோ கருவியைச் செருகிப் பார்த்துவிட்டு, ஆக்ஸிஜன் சென்சார் போய்விட்டது, பூஜை லீவெல்லாம் முடிந்து வாருங்கள், மாற்றித் தருகிறேன் என்றார். அப்பாவுக்கு அந்தப் பதில் போதுமாக இருந்தது. அம்மாவுக்குப் போதவில்லை.

அம்மா அப்போது எட்டு மாதக் கர்ப்பிணி. டாக்டர் படுத்தே இருக்கச் சொல்லியிருந்தார். பாப்பா எப்போது வேண்டுமானாலும் வரலாம், வலி என்றால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் பூந்தமல்லி ஆஸ்பத்திரிக்கு வந்துவிட வேண்டும் என்றும் சொல்லியிருந்தார். பருத்திப்பட்டிலிருந்து பூந்தமல்லி ஒன்றும் காசி ராமேஸ்வரம் இல்லை. ஆனாலும் அந்த விளக்கு எரிகிற வண்டியில் கால் வைக்க மாட்டேன் என்று அம்மா சொல்லிவிட்டாள். வண்டிதான் நன்றாக ஓடுகிறதே, விளக்கு எரிந்தால் எரிந்துவிட்டுப் போகட்டுமே என்றார் அப்பா. அவர் சொன்னது அவ்வளவுதான். அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு அப்பாவும் வாயை மூடிக்கொண்டார்.

இதில் கொள்ளை லாபம் அடைந்தவள் நான். அறையில் மூன்று பேரும் இருப்போம். அம்மா என்னைப் பார்த்து, உங்கப்பாவைச் சாப்பிடச் சொல்லு என்பாள். நான் கழுத்தைத் திருப்பி, அப்பா, உங்களைச் சாப்பிடச் சொல்றாங்க என்பேன். அப்பா என்னைப் பார்த்து, உங்கம்மா மாத்திரை போட்டாச்சான்னு கேளு என்பார். வீட்டில் நான் இல்லாமல் ஒரு காரியம் நடக்காது. ஏற்கெனவே பாப்பா வரப்போகிற குஷியில் தரையில் கால் பாவாமல் திரிந்துகொண்டிருந்தேன். இப்போது கூடவே மந்திரி பதவியும் கிடைத்துவிட்டது. சண்டை இப்படியே பாப்பா வரும்வரை நீடித்தால் நன்றாக இருக்குமே என்றுகூட நினைத்தேன்.

அப்பாவும் அம்மாவும் ஆவடியில் ஒரே தொழிற்சாலையில் வேலை பார்த்தார்கள். அப்பா ஸ்டோர்ஸில். எந்த ஸ்பேனர் எந்த அடுக்கில் இருக்கிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். அதை எந்தப் பக்கம் திருப்புவது என்பதில்தான் அவருக்குக் கொஞ்சம் சந்தேகம். அம்மா ஃபிட்டர். ஐ.டி.ஐ.யில் அவள் படித்த பிரிவில் அவள் ஒருத்திதான் பெண்ணாம். வீட்டில் ஃபேன் கழற்றுவது, மோட்டார் பார்ப்பது, கதவுக்குக் கீல் மாற்றுவது எல்லாம் அவள் வேலை. அப்படிப்பட்டவள் கட்டிலில் கிடந்தாள், குனியக்கூட முடியாது. வாசலில் வண்டி விளக்கை எரித்துக்கொண்டு நின்றது.

ஆனாலும் அம்மா சும்மா இருக்கவில்லை. படுத்தபடியே போனில் தேடி, வண்டியின் வருஷம், மாடல் எல்லாம் போட்டு, அந்தச் சென்சாரை வரவழைத்துவிட்டாள். ஆயுத பூஜைக்கு முதல் நாள் கூரியரில் வந்தது. கட்டை விரல் தடிமனில் ஓர் இரும்புத் துண்டு. அதன் முனையில் சின்னச் சின்ன ஓட்டைகள், அதற்கு மேல் ஒரு பிளாஸ்டிக் தொப்பி, பின்னால் வால் மாதிரி ஒயர். இது வண்டியோட மூக்கு என்றாள் அம்மா. எஞ்சினிலிருந்து வரும் புகையை மோந்து பார்த்து, காற்று போதுமா, பெட்ரோல் ஜாஸ்தியா என்று எஞ்சினுக்குத் தகவல் சொல்லுமாம். கெட்டுப்போன மூக்கு தப்புத் தப்பாகச் சொல்லும், அதைக் கேட்டு எஞ்சினும் தப்புத் தப்பாக வேலை செய்யும். எனக்கு அந்தச் சாமானை ரொம்பப் பிடித்துப்போனது. என் வேலையைத்தான் அதுவும் பார்த்துக்கொண்டிருந்தது.

யார் மாட்டப்போகிறார்கள் என்று அம்மா சொல்லவில்லை. உங்கப்பாகிட்ட குடு என்றாள், அவ்வளவுதான். அப்பா அதை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். பெட்டியில் ஏதாவது குறிப்பு இருக்கிறதா என்று தேடினார். இருந்தது, சீன மொழியில்.

மறுநாள் ஆயுத பூஜை. எதையும் தொடக் கூடாது. ஸ்பேனர், சுத்தியல், திருப்புளி, அரிவாள்மனை, என் ஜாமெட்ரி பாக்ஸ் எல்லாம் சாமி முன்னால் வரிசையாக இருந்தன. அப்பா புதுச் சென்சாரையும் அவற்றோடு வைத்தார். சந்தனம் குங்குமம் வைப்பது வருஷா வருஷம் என் பொறுப்பு. எல்லாவற்றுக்கும் வைத்துக்கொண்டே வந்தவள், சென்சாரிடம் வந்ததும் யோசித்தேன். சாமி முன்னால் தொப்பி போட்டுக்கொண்டு உட்காரலாமா? தொப்பியைக் கழற்றினேன். மற்றதுக்கெல்லாம் ஒரு பொட்டு, இதற்கு மட்டும் தனி மரியாதை. நல்ல குழைவான சந்தனத்தை முனை முழுக்க அப்பி, நடுவில் குங்குமம் வைத்தேன். பார்க்க அவ்வளவு லட்சணமாக இருந்தது.

விஜயதசமி அன்று காலையில், பொரியும் சுண்டலும் தின்றுவிட்டு, அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பானெட்டைத் திறந்தார். அன்று சாயங்காலம் அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் பரிசோதனை. அதற்குள் முடித்துவிட வேண்டும். வண்டி நிற்குமிடம் அம்மாவின் கட்டிலை ஒட்டிய ஜன்னலுக்கு நேர் எதிரே. நடுவில் எட்டடிகூட இருக்காது. அப்பா இருமினால் அம்மாவுக்குக் கேட்கும். ஆனால் சண்டை சண்டைதான். அம்மா என்னிடம் சொல்வாள். நான் ஹாலைத் தாண்டி, படியிறங்கி, வீட்டைச் சுற்றி ஓடிப்போய் அப்பாவிடம் சொல்வேன். அப்பா சொல்லும் பதிலை அதே வழியில் திரும்பக் கொண்டுவருவேன். அன்று நான் ஓடிய ஓட்டத்தைப் பள்ளிக்கூட மைதானத்தில் ஓடியிருந்தால் கோப்பை வாங்கியிருப்பேன்.

முதல் வேலையாக அம்மா புதுச் சாமானை எடுத்துவரச் சொன்னாள், ஒரு தரம் பார்த்துவிடலாம் என்று. காகிதத்தில் சுற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். காகிதத்தைப் பிரித்ததும் அவள் முகம் மாறிவிட்டது. சந்தனம் காய்ந்து ஓட்டைகளையெல்லாம் அடைத்துக்கொண்டிருந்தது. இந்த முனையில் கைகூடப் படக் கூடாது, எண்ணெய் படக் கூடாது, எது பட்டாலும் மூக்கு செத்துவிடும் என்றாள். பூஜை லீவெல்லாம் முடிந்து இன்னொன்று வரவழைக்கப் பத்து நாள் ஆகும், பாப்பா அதுவரை காத்திருக்குமா என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

“யாரு வச்சது?”

“அப்பா” என்றேன்.

மந்திரிகள் கெட்டுப்போவது இப்படித்தான். உங்கப்பாகிட்ட கேளு, பதினெட்டு வருஷமா ஸ்டோர்ஸ்ல என்னத்தைக் காத்தாருன்னு கேளு என்றாள் அம்மா. நான் வீட்டைச் சுற்றி ஓடிப்போய், “அம்மா உங்களைச் சீக்கிரம் வேலையை ஆரம்பிக்கச் சொன்னாங்க” என்றேன். திரும்பி வந்து, “அப்பா ஒண்ணும் சொல்லலை” என்றேன். இது ஒன்று மட்டும் உண்மை. அம்மா புது டூத்பிரஷ் ஒன்றைப் பிரித்து, தண்ணீர் தொடாமல், வாயால் ஊதாமல், ஜன்னல் வெளிச்சத்தில் ஒவ்வோர் ஓட்டையாகச் சுரண்ட ஆரம்பித்தாள். காய்ந்த சந்தனம் அவள் வயிற்றின்மேல் போட்டிருந்த துண்டில் தூளாக விழுந்தது. பாப்பாவுக்கு வண்டி இல்லாமல் செய்துவிட்டேன், அதுவும் போதாதென்று பழியை அப்பா தலையில் கட்டிவிட்டேன். 

வெளியே அப்பா பழைய சென்சாரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். எஞ்சினுக்கு முன்னால், புகைக்குழாயில் அது திருகியிருந்தது. துருப்பிடித்து, பிறந்ததிலிருந்து அங்கேயே இருப்பது போல உட்கார்ந்திருந்தது. அப்பாவின் ஸ்பேனர் வழுக்கியது. நான் போய்ச் சொன்னேன். அம்மா சுரண்டுவதை நிறுத்தாமலே, ஒயரை வெட்டச் சொல்லு என்றாள்.

அப்பா நம்பவில்லை. ஒயரை வெட்டவா, போய் நல்லாக் கேட்டுட்டு வா என்றார். போனேன். வெட்டினால்தான் வளைய ஸ்பேனரை மேலே இருந்து மாட்ட முடியும், அது எப்படியும் குப்பைக்குப் போகிறதுதானே என்றாள் அம்மா. வந்து சொன்னேன். அப்பா நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். புதுசையா பழசையா, தெளிவாக் கேட்டுட்டு வா என்றார். மறுபடியும் ஓடினேன். இந்தத் தடவை அம்மா பேசவே இல்லை. தலைமாட்டில் இருந்த துணி வெட்டும் கத்தரிக்கோலை எடுத்து என் கையில் கொடுத்தாள். அதைப் பார்த்ததும் அப்பாவுக்குப் புரிந்துவிட்டது. கண்ணை இறுக்கிக்கொண்டு, கட்டிங் பிளையரால் ஒயரை நறுக்கினார்.

வளைய ஸ்பேனருக்கும் அது மசியவில்லை. அதற்குள் எதிர்வீட்டு ஆட்டோக்கார மாமா, மாலை போட்ட ஆட்டோவை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்க்க வந்துவிட்டார். ஸ்பேனரின் காம்பில் சொருகி நீளமாக்கிக்கொள்ள ஓர் இரும்புக் குழாயும் கொண்டுவந்தார். உதவி செய்ய வந்தவர் உதவியோடு நின்றிருக்கலாம்.

“இன்னா சார், இத்தப் போயி இம்மாம் பெருசா எடுத்துகினு. லைட்டு எரிஞ்சா எரியட்டும் சார். வண்டி ஓடிகினு கீதுல்ல?”

ஜன்னல் திரை படக்கென்று மூடிக்கொண்டது. அப்பா அந்தப் பக்கம் ஒரு தரம் பார்த்தார். ஆறு நாள் முன்னால் அவரும் இதையேதான் சொன்னார். இப்போது அவர் மாமாவிடம், ரொம்ப மெதுவாக, “இல்ல, மாத்திடணும்” என்றார். மாமா மேற்கொண்டு பேசாமல் குழாயைக் கொடுத்துவிட்டுப் போனார்.

எஞ்சினை அஞ்சு நிமிஷம் ஓட்டி நிறுத்தச் சொல்லு, சூட்டுல இளகும், ஆனா கையைப் பாத்து வைக்கச் சொல்லு என்று திரைக்குப் பின்னாலிருந்து அம்மா சொன்னாள். நான் கொண்டுபோய்ச் சேர்த்தேன். அப்பா அப்படியே செய்தார். குழாயைப் பிடித்து உடம்பின் கனம் முழுவதையும் அதன்மேல் போட்டார். எதுவும் நடக்கவில்லை. மூச்சை இழுத்துவிட்டு இன்னொரு தரம். டக்கென்று ஒரு சத்தம். அது விட்டுக்கொடுத்த வேகத்தில் அப்பாவின் கை போய்ச் சூடான குழாயில் பட்டது. அவர் கையை உதறிக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

திரை விலகியது. அம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்திருந்தாள்.

“ஏங்க, கையைத் தண்ணியில வைங்க. உடனே வைங்க. எங்க பட்டுச்சு, காட்டுங்க.”

அப்பா போய் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டினார். கம்பி வழியாக அம்மா அந்தக் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நான் வாளியில் தண்ணீரோடு நடுவில் நின்றேன். என் பதவி போய்விட்டது என்று அப்போதே தெரிந்தது.

போனது பதவி மட்டும் இல்லை. நேருக்கு நேர் பேச ஆரம்பித்தவர்கள் எல்லாவற்றையும் பேசினார்கள். எரிச்சல் அடங்கியதும் அம்மா, “சந்தனம் வைக்க வேற இடமே கிடைக்கலையா உங்களுக்கு?” என்றாள். அப்பா, “நானா?” என்றார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பினார்கள். நான் எங்கள் ஊர் ஏரிப் பக்கம் பறந்த ஒரு கொக்கை ரொம்ப அக்கறையாகப் பார்த்தேன். அடி நிச்சயம் என்றுதான் நினைத்தேன். ஆனால் அப்பா சிரிக்க ஆரம்பித்தார். அம்மாவும் சிரித்தாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சிரிக்க வைக்காதீங்க, வலிக்குது என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். ஆறு நாள் சிரிப்பு மொத்தமாக வந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. பாப்பாவுக்கு வண்டி கெட்டுப்போச்சா என்று தேம்பினேன். கெடலை, அவ்வளவும் சுரண்டி எடுத்துட்டேன், மிச்சம் மீதி இருந்தா சூட்டுல எரிஞ்சுடும்னு நெனைக்கிறேன் என்றாள் அம்மா. நினைக்கிறேன் என்றுதான் சொன்னாள், நிச்சயம் என்று சொல்லவில்லை.

புதுச் சென்சாரை மாட்டுவது சுலபமாகத்தான் இருந்தது. அம்மா ஜன்னலிலிருந்து சொல்லச் சொல்ல அப்பா செய்தார். முதலில் கையாலேயே திருகுங்க, மரை ஏறுதா பாருங்க, அப்புறம் ஸ்பேனர், முக்கி முறுக்காதீங்க, ஒயரைச் செருகுங்க, கிளிக்குனு கேக்கணும். கேட்டது. பேட்டரி ஒயரைக் கழற்றிக் கால் மணி நேரம் வைக்கச் சொன்னாள், அப்போதுதான் எஞ்சின் பழைய புகாரை மறக்குமாம். அம்மாவுக்கு எத்தனை நாள் பேட்டரியைக் கழற்றி வைத்திருக்க வேண்டியிருந்தது என்று அப்பா முணுமுணுத்தார். அதுவும் ஜன்னலுக்குக் கேட்டது.

சாவியைத் திருப்பினார். விளக்கு எரிந்தது. எஞ்சின் கிளம்பியதும் அணைந்தது. நான் தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். புகையில் சந்தன வாசனை வருகிறது என்று வேறு சொன்னேன். வந்ததா, எனக்குத்தான் வந்ததா, தெரியாது. ஆனால் அம்மா குதிக்காதே என்றாள். வண்டி நன்றாகச் சூடாகி நாலு கிலோமீட்டர் ஓடினால்தான் மூக்கு உயிரோடு இருக்கிறதா என்று தெரியும். சாயங்காலம் இந்த வண்டியிலேயே ஆஸ்பத்திரிக்குப் போகலாம், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்றாள். ஆறு நாளுக்குப் பிறகு அந்த வண்டியில் ஏறச் சம்மதித்துவிட்டாள். அப்பா குளிக்கப் போனவர் குளியலறையில் பாடியது வெளியே கேட்டது.

நாலரை மணிக்குக் கிளம்பினோம். அம்மா முன்சீட்டைச் சாய்த்து, முதுகுக்குத் தலையணை வைத்து உட்கார்ந்தாள். எனக்குப் புது வேலை கிடைத்திருந்தது. இரண்டு சீட்டுக்கும் நடுவில் தலையை நீட்டி, கண் இமைக்காமல் விளக்கைப் பார்த்துக்கொண்டே வர வேண்டும். எரியலை, எரியலை என்று ஒவ்வொரு வேகத்தடைக்கும் அறிவித்துக்கொண்டே வந்தேன். தெருவெல்லாம் பூசணிக்காய் உடைந்து கிடந்தது, அப்பா ஒவ்வொன்றாக ஒதுக்கி ஒதுக்கி ஓட்டினார். லாரிகள் வாழைக்கன்று கட்டிக்கொண்டு போயின. வண்டி சூடாகிவிட்டதைக் காட்டும் முள் நடுவில் வந்து நின்றது. விளக்கு எரியவில்லை. மூக்கு பிழைத்துவிட்டது. நான் செய்த பாவம் என்னை விட்டுப் போய்விட்டது. எனக்குச் சீட்டில் இருப்புக் கொள்ளவில்லை.

பாரிவாக்கம் திரும்பும் இடத்தைத் தாண்டியதும் அப்பா வேகத்தைக் குறைத்தார். ஓரமாக ஒதுக்கி நிறுத்தினார். அங்கே ஒன்றுமே இல்லை. பூஜைக்காக மூடியிருந்த ஒரு பஞ்சர் கடை, ஒரு டிரான்ஸ்ஃபார்மர், புழுதி. அம்மா கண்ணாடியை இறக்கி அந்தப் பக்கம் பார்த்தாள். அப்பா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய கட்டுப்போட்ட கையின்மேல் அம்மா தன் கையை வைத்தாள்.

“விளக்குதான் எரியலையே, ஏம்ப்பா நிறுத்திட்டீங்க?” என்றேன்.

“ஒண்ணுமில்லடா, சும்மா” என்றார்.

டாக்டர் போயிடுவாங்க, கிளம்புங்க என்று நான் இரண்டு பேரையும் விரட்டினேன். அம்மாவின் கன்னம் நனைந்திருந்தது. தன் கையால் பழுது பார்த்த சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்கு இருபது வயதாகி, அதே சாலையில் நான் அம்மாவை உட்கார வைத்து ஓட்டிக்கொண்டு போன ஒரு நாளில்தான் அவள் அந்த இடத்தைக் காட்டினாள். எனக்கு நான்கு வயதாக இருந்தபோது, அடைமழையில், வலியோடு ஒரு வாடகைக் காரில் அங்கே வந்திருக்கிறாள். அந்தக் காரிலும் மஞ்சள் விளக்கு எரிந்திருக்கிறது. அது எப்பவும் எரியறதுதான் என்று டிரைவர் சொல்லியிருக்கிறார். பஞ்சர் கடை வாசலில் வண்டி நின்றது. வேறு வண்டி கிடைக்க முக்கால் மணி நேரமாயிற்று. ஆண் குழந்தை, தங்கவில்லை. அம்மா ஆஸ்பத்திரியில் இருந்த மூன்று நாளும் நான் எதிர்வீட்டு மாமா வீட்டில் இருந்தேன். அம்மாவுக்குக் காய்ச்சல் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள்.

அன்றைக்கு இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? அப்பா மறுபடி வண்டியைக் கிளப்பினார். நான் பின்சீட்டில் ஏறி முட்டிபோட்டு, பின் கண்ணாடி வழியாகப் போகிற வருகிற வண்டிகளுக்கெல்லாம் கையாட்டினேன். அந்தப் பஞ்சர் கடை சின்னதாகிக்கொண்டே போனது. அதற்கும் சேர்த்துக் கையாட்டிவிட்டு, நான் முதல் முதலாக அக்கா ஆகப் போகிறேன் என்று பூந்தமல்லி வரைக்கும் கத்திக்கொண்டே போனேன். முன்சீட்டில் இருந்த இரண்டு பேரும் என்னைத் திருத்தவில்லை.